அரியக்குடி - 630 202: பின்கோடு சொல்லும் கதை

செட்டிநாட்டில் விலாசம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த முகவரி. மற்றொன்று, நகரத்தார் குடும்பங்கள் முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்துக்கொண்ட அடையாளம். பர்மா, மலாயா, இலங்கை என்று போன இடங்களில் அந்த எழுத்துகளே கடைக்கும் பெயராயின. ஊருக்குள் கடிதம் கொடுக்க அந்த விலாசம் போதும். ஆனால் கடிதம் முதலில் ஊர் வந்து சேர வேண்டுமே?

அங்கேதான் சிக்கல். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர். வட தமிழகத்தில், 2019-ல் தனி மாவட்டமான இன்னொரு திருப்பத்தூர். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் கடிதம் எங்கே போகும்? இதோடு மொழிச் சிக்கலும் உண்டு. தமிழில் எழுதிய முகவரியைக் குஜராத்தில் கடிதம் பிரிப்பவர் எப்படிப் படிப்பார்?

இதற்கு உலக நாடுகள் எண்ணில் விடை தேடின. ஜெர்மனி 1941-லும் அமெரிக்கா 1963-லும் குறியீட்டு எண்ணைக் கொண்டுவந்தன. இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு அறிமுகமானது. திட்டத்தை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கூடுதல் செயலாளராக இருந்த இவர், சமஸ்கிருதக் கவிஞரும் கூட! பெருநகரங்களில் முன்பே மண்டல எண்கள் இருந்தன. மெட்ராஸ்-4 என்று எழுதப்பட்ட மயிலாப்பூர் 600 004 ஆனது.

இனி அரியக்குடியின் 630 202-ஐப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் எண் 6, தென்கோடி மண்டலம். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு இதில் அடங்கும். நாட்டில் இப்படி எட்டு மண்டலங்கள். ஒன்பதாவது எண் ராணுவத்துக்கு.

முதல் இரண்டு எண்கள் 63. தமிழகத்து எண்கள் 60 முதல் 64 வரை. கேரளத்துக்கு 67 முதல் 69 வரை.

முதல் மூன்று எண்கள் 630. இது கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று எண்கள், 202, கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையம். காரைக்குடி தலைமைத் தபால் நிலையம் 630 001, கானாடுகாத்தான் 630 103, தேவகோட்டை 630 302. நம் திருப்பத்தூர் 630 211, வடக்குத் திருப்பத்தூர் 635 601. குழப்பம் தீர்ந்தது!

இந்த 630-க்குள் ஒரு வரலாறும் இருக்கிறது. 1972-ல் சிவகங்கை மாவட்டமே கிடையாது. காரைக்குடி வட்டாரம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் அக்கால ஆய்வுக் கட்டுரைகளில் முகவரி 623 006 என்றிருக்கும். 1985-ல் ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பிற்காலக் கட்டுரைகளில் அதே நிறுவனத்தின் எண் 630 006. நிறுவனம் இருந்த இடத்திலேயே இருந்தது, எண்தான் மாறியது. 623 இன்று ராமநாதபுரத்துக்கு உரியது.

பின்கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நாட்டில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான தபால் நிலையங்கள் உண்டு. பின்கோடுகளோ சுமார் 19 ஆயிரம்தான். எனவே பல கிராமங்களுக்கு ஒரே எண். அது கடிதத்தைப் பட்டுவாடா நிலையம் வரை கொண்டுவரும், அவ்வளவுதான். இந்தக் குறையைப் போக்க, 2025-ல் தபால் துறை டிஜிபின் என்ற பத்து இலக்கக் குறியீட்டை வெளியிட்டது. இதில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் குறியீடு.

ஆனால் ஒரு தெருவை அடைத்து நிற்கும் செட்டிநாட்டு வீட்டுக்குள் இப்படி எத்தனையோ கட்டங்கள் அடங்கும். அதில் கடிதம் யாருக்கு என்று எந்தக் குறியீடும் சொல்லாது. அதற்குப் பழைய விலாசமும், அதை அறிந்த தபால்காரரும்தான் வேண்டும்.