பார்க்கரின் கூண்டில் பாஸ் ரீவ்ஸ்

ஊழல் புகார்களுக்கு நடுவே நீதிபதி ஸ்டோரி பதவி விலகியதையும், 1875 மே மாதம் ஐசக் பார்க்கர் புதிய நீதிபதியாக ஃபோர்ட் ஸ்மித் வந்து சேர்ந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் 1889-ம் ஆண்டு மேல்முறையீட்டுச் சட்டம். அதற்கு முன் ஒரு மனிதரைப் பார்த்துவிட வேண்டும்.

ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தின் பெயர்தான் மேற்கு ஆர்கன்சா மாவட்ட நீதிமன்றம். அதிகாரம் மாநில எல்லையைத் தாண்டி, இன்று ஓக்லஹோமா என்கிற பூர்வகுடிப் பிரதேசத்துக்குள்ளும் பாய்ந்தது. செரோக்கி, க்ரீக் மக்கள் தங்களுக்குள் நடக்கும் குற்றங்களைத் தங்கள் நீதிமன்றங்களிலேயே விசாரித்துக்கொண்டார்கள். வெளியார் சம்பந்தப்பட்டால் வழக்கு பார்க்கரிடம் வரும். அவர் வந்த முதல் செப்டம்பரிலேயே ஒரே நாளில் ஆறு பேருக்குத் தூக்கு. 21 ஆண்டுகளில் 160 மரண தண்டனைகள். தூக்கிலிடப்பட்டவர்கள் 79 பேர். 'தூக்குமர நீதிபதி' என்று இன்றும் அவரைத் தூற்றுகிறார்கள். அது நியாயமே இல்லை. கொலை நிரூபணமானால் மரணம் என்று சட்டமே விதித்திருந்தது. பார்க்கரைக் குறை சொல்வதென்றால், ஜூரிகளைத் தன் பக்கம் இழுக்கும்படி நீண்ட உரை ஆற்றியதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பூர்வகுடிப் பிரதேசத்துக்குள் போய்க் குற்றவாளிகளைப் பிடித்து வந்தவர்கள் துணை மார்ஷல்கள். மாதச் சம்பளம் கிடையாது. கைதுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு என்று படிதான். உயிரைவிட்டவர்கள் ஏராளம்.

அவர்களில் என் நாயகன் பாஸ் ரீவ்ஸ். 1838-ல் அடிமையாகப் பிறந்த கறுப்பர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் எசமானரிடமிருந்து தப்பிப் பூர்வகுடிகளிடையே வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்டுகளை யாராவது வாசித்துக் காட்ட, பெயரையும் குற்றத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மாறுவேடத்தில் கில்லாடி. கைது செய்தவர்கள் 3,000-க்கும் மேல் என்பார்கள். பின்னாளில், மனைவியைக் கொன்ற சொந்த மகனையே கைது செய்தவர். அடிமைத்தளையிலிருந்து வந்த ஒருவர் வெள்ளைக் குற்றவாளிகளைச் சங்கிலியில் பிணைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார் என்பதைவிட அந்தக் காலத்து அமெரிக்காவில் எனக்குப் பெரிய வீரம் தெரியவில்லை.

அவரே 1887-ல் அதே நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். முகாமில் தன் சமையற்காரரைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றார் ரீவ்ஸ். சேர்த்த பணமெல்லாம் வழக்கில் கரைந்தது. ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

ஜூரிகள் மறுபக்கம் சாய்ந்திருந்தால்? வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழியே இல்லை. ஜனாதிபதி கருணை காட்டினால் உண்டு. இல்லாவிட்டால் ஃபோர்ட் ஸ்மித் தூக்குமேடைதான். அவ்வளவு பெரிய நிலப்பரப்பின் உயிர்களை ஒரே நீதிபதியின் கையில் விட்டுவைத்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் இந்தக் கதையின் வில்லன்.

உச்ச நீதிமன்றத்தின் கதவு அந்த 1889 மேல்முறையீட்டுச் சட்டத்தால்தான் திறந்தது. திறந்ததும் பார்க்கரின் தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. அவருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மூண்ட சண்டை அடுத்த வாரம்.

(தொடரும்)