சிங்ககட்டில் கண்ட பிட்லை

புனே நகரத்தில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய தமிழர்கள் இன்று நேற்று வந்தவர்கள் அல்லர். ராஸ்தா பேட்டையிலும், வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்துள்ள கட்கியிலும், தேகு ரோட்டிலும் மூன்று நான்கு தலைமுறைகளாகவே நம்மவர் வாழ்ந்து வருகின்றனர். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். "இது நம் ஊரா என்ன, சுற்றிப் பார்க்க?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே கூறுகிறேன்.

புனேக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கிறது சிங்ககட் என்னும் கோட்டை. 1670ஆம் ஆண்டு பிப்ரவரியில் தானாஜி மாலுசரே இரவோடிரவாகப் பாறையேறி அதனைக் கைப்பற்றி, அப்போரிலேயே உயிர் துறந்த கதையை இங்குள்ள குழந்தைகளும் அறிவர். விடுமுறை நாளில் நகரமே அம்மலை மீது ஏறுகிறது. வீரத்தை நினைந்து ஏறுவோரும் உண்டு. உண்மையைச் சொல்வதானால், பெரும்பாலோர் பசியோடுதான் ஏறுகின்றனர். மேலே கூரை வேய்ந்த சிறு குடில்களில் விறகடுப்பின் மேல் சோள மாவு ரொட்டி சுடுகிறார்கள். பாக்கரி என்பது அதன் பெயர். அதனுடன் சுடச்சுடப் 'பிட்லே', பச்சை மிளகாய்த் துவையல், உரித்த வெங்காயம், பின்பு சிறு மண் கலயத்தில் உறைந்த கட்டித் தயிர். கையால் தட்டிய ரொட்டியின் புகை மணம் வீட்டு அடுப்பில் வாராது.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அத்தையை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். பிட்லே என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. தட்டு வந்தது. மஞ்சள் நிறத்தில் கூழ் போன்ற ஒரு பண்டம். நெடுநேரம் அதனைக் கிளறிப் பார்த்துவிட்டு, "பாவம், பாகற்காயைப் போட மறந்துவிட்டாள்" என்றார்.

அத்தை சொன்னதில் பிழை இல்லை. தஞ்சை மாவட்டத்துப் பிட்லையில் பாகற்காயோ கத்தரிக்காயோ இருந்தே தீரும். துவரம் பருப்பும், புளியும், தனியா மிளகாய் வறுத்து அரைத்த தேங்காயும் சேரும். மராட்டியரின் பிட்லேயோ கடலை மாவை நீரில் கரைத்துப் பூண்டும் மிளகாயும் தாளித்துக் கிளறியது, அவ்வளவே. மராத்தியில் 'பீட்' என்றால் மாவு. மாவினால் ஆனது பிட்லே. நம் பிட்லையில் மாவு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. காவிரிக் கரையின் காய்களும் புளியும் தேங்காயும் அப்பெயருக்குள் குடிபுகுந்துவிட்டன. உளுந்து மாவைத் தயிரில் கலந்து தாளிக்கும் டாங்கர்ப் பச்சடியின் நிலை வேறு. 'டாங்கர்' என்ற பெயரும் பண்டமும் இரு தேசத்திலும் அநேகமாக ஒன்றே. பாசுந்தியும் ஸ்ரீகண்டமும் அவ்வாறே பெயர் மாறாமல் வந்து சேர்ந்தவை.

இவை எவ்வாறு வந்தன என்பதற்குப் பொதுவான விடை எல்லோரும் அறிந்ததே. பீஜப்பூர் சுல்தானின் சேனாதிபதியாய் விளங்கிய ஷாஜியின் ஜாகீர் புனே. அவருடைய ஒரு புதல்வர் சிவாஜி. மற்றொரு தாய்க்குப் பிறந்த புதல்வர் வெங்காஜி என்னும் ஏகோஜி. 1675ஆம் ஆண்டையொட்டித் தஞ்சை ஏகோஜியின் கைக்கு வந்தது. அவர் வழியினர் 1855 வரை அங்கே அரசர் எனும் பட்டத்தோடு இருந்தனர். பெரிய கோயிலின் சுவரில் 1803இல் சரபோஜி மன்னர் தம் குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். அதில் வம்சாவளி உண்டு, யுத்தம் உண்டு; அடுக்களை இல்லை. நல்லவேளையாகச் சரசுவதி மகால் ஏடுகளில் அரண்மனைச் சமையற் குறிப்புகளும் தப்பிப் பிழைத்து, 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற பெயரில் அச்சேறின.

ஆனால் சிங்ககட்டின் மேல் நின்று பேசும்போது தஞ்சையை விடச் செஞ்சியே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கோட்டையினுள் ஒரு சமாதி இருக்கிறது. தானாஜியின் சிலையைத் தேடி வருவோரில் பலர் அதனை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது சிவாஜியின் இளைய மகன் ராஜாராமின் சமாதி. 1689இல் தமையன் சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தபோது ராஜாராமுக்கு வயது 19. தலைநகர் ராய்கட் முற்றுகைக்கு உள்ளாயிற்று. இளைஞர் மாறுவேடம் பூண்டு, கன்னட நாட்டைக் கடந்து, வேலூர் வழியாக, தந்தை 1677இல் வென்று வைத்திருந்த செஞ்சிக் கோட்டையை அவ்வாண்டின் இறுதியில் அடைந்தார். மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரம் அன்று தமிழ்நாட்டில் இருந்தது என்பதைப் புனேயில் வாழும் தமிழர் எத்தனை பேர் நினைக்கிறோம்?

1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் செஞ்சியை முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698 ஜனவரியில். இந்த நெடுங்காலப் போரில் பீரங்கியைக் காட்டிலும் தானியமே பலமுறை வெற்றி தோல்வியை நிர்ணயித்தது. 1692ஆம் ஆண்டின் முடிவில் மராட்டியத் தளபதிகளான சாந்தாஜியும் தனாஜியும் மொகலாயப் பாசறைக்கு வரும் வழிகளை அடைத்தார்கள். முற்றுகையிட வந்தவர்களே பசியால் வாடி வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. தஞ்சையில் அப்போது ஏகோஜியின் மகன் சாகுஜி ஆண்டார். செஞ்சியிலிருந்த பெரியப்பன் மகனுக்கு அவர் உதவி செய்தார். அவ்வுதவியை அடைக்காமல் செஞ்சி வீழாது என்று கண்ட சுல்பிகார்கான் 1694இல் தஞ்சை நாட்டின் மேல் படை செலுத்தி, இனி ராஜாராமுக்குத் துணை புரிவதில்லை என்று வாக்குறுதி வாங்கினான். செஞ்சி விழுவதற்குச் சற்று முன்பே ராஜாராம் தப்பி வேலூர் சென்று, அங்கிருந்து தம் நாடு திரும்பினார். திரும்பியும் அமைதி கிட்டவில்லை. ஓயாத போரில் உடல் நலிந்து, 1700 மார்ச்சில் இதே சிங்ககட்டில் காலமானார். வயது 30. தம் வாழ்நாளில் எட்டாண்டுகளைத் தமிழ் மண்ணில் கழித்த அரசர் அவர்.

சாம்பாரைப் பற்றி நண்பர்கள் கேட்பார்கள். தஞ்சைக்கு விருந்தாளியாக வந்த சம்பாஜிக்குச் சாகுஜி மன்னர் தம் கையாலேயே ஆமட்டி சமைத்தார், வழக்கமான கோகம் புளி இல்லாமையால் நாட்டுப் புளியைச் சேர்த்தார், விருந்தாளியின் பெயரே பண்டத்துக்கு வாய்த்தது என்பது அக்கதை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் அதற்கு இடங்கொடுக்க மறுக்கின்றன. சாகுஜி அரியணை ஏறியது 1684இல்; சம்பாஜி மாண்டது 1689இல். இடைப்பட்ட ஆண்டுகளில் சம்பாஜி மொகலாயப் படைகளோடு ஓய்வின்றிப் பொருதுகொண்டிருந்தார். தஞ்சையில் விருந்துண்டதற்கு அக்காலத்து ஆவணம் எதையும் கதை சொல்வோர் காட்டுவதில்லை. பிட்லைக்குக் கதை வேண்டியதில்லை, பெயரே சாட்சி சொல்கிறது. ஆகவே என் வாக்கு பிட்லைக்கே.

வீட்டு விருந்திலும் சொற்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. மராத்திக் குடும்பத்தினர் நம்மை உணவுக்கு அழைத்து, "இன்னும் ஒரு போளி?" என்று உபசரித்தால், தேங்காய்ப் போளியையோ பருப்புப் போளியையோ எண்ணி நாக்கில் நீர் ஊற இலையை நீட்டுவோம். விழுவது கோதுமை ரொட்டி. புனே வீடுகளில் வெறும் ரொட்டியே போளி. இனிப்பு வேண்டுமானால் 'பூரண்போளி' என்று முழுப் பெயரையும் சொல்ல வேண்டும்.

சைத்ர மாதத்தில் இங்கே சைத்ரகௌரி என்று ஒரு வைபவம் நடக்கும். குடி பாடவாவுக்குப் பின் திருதியை அன்று தொடங்கி அட்சய திருதியை வரையில் கௌரியைக் கொலுவிருத்தி, மஞ்சள் குங்குமத்துக்குப் பெண்டிரை அழைப்பார்கள். சில வீடுகளில் படிகட்டி, பொம்மைகளும் பட்சணங்களும் வைத்திருப்பதைக் கண்டால் நவராத்திரி எப்படிச் சித்திரையில் வந்தது என்று நம் பெண்கள் வியப்பார்கள். வருவோருக்கு மாங்காய் சேர்த்து அரைத்த கடலைப் பருப்பும், வேகவைத்த மாங்காயில் வெல்லமும் ஏலக்காயும் கலந்த 'பன்ஹே' என்னும் பானமும் அளிப்பார்கள். அதே நாட்களில் ஸ்ரீராம நவமிக்கு நாம் வடைப்பருப்பும் பானகமும் செய்கிறோம் அன்றோ? இரு வீட்டாரும் ஒரு கிண்ணத்தை மாற்றிக்கொண்டால் ஒருவருக்கும் புதிதாகத் தோன்றாது. பக்கத்து வீட்டு மஞ்சள் குங்குமத்துக்குச் சென்று வந்த பெண்மணி, புரட்டாசியில் தம் கொலுவுக்கு அவர்களை அழைக்கத் தயங்குவானேன்? மொழி தடுக்கிறது என்பார்கள். சுண்டல் பொட்டலத்துக்கு மொழி எதற்கு?

மற்றப் பருவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. சாஸ்வட் பக்கத்துச் சீமை அத்தியும் சீத்தாப்பழமும், குளிர் காலத்து மகாபலேசுவரத்து ஸ்ட்ராபெரியும், கோடையில் கொங்கணக் கரையின் ஆபூஸ் மாம்பழமும் சந்தையில் தாமே தம்மை அறிவித்துக்கொள்ளும். நாமே தேடிச் செல்ல வேண்டியது ஹுர்டா ஒன்றுதான்.

ஹுர்டா என்பது பால் வற்றி, இன்னும் முற்றாத பச்சைச் சோளம். (மக்காச்சோளத்தைச் சொல்லவில்லை, நம் பாட்டிமார் களி கிண்டிய வெண்சோளத்தையே சொல்கிறேன்.) மழைக்காலம் முடிந்து விதைத்த பயிர் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இப்பதத்துக்கு வரும். வயலோரத்தில் குழி வெட்டி, வரட்டியைக் கனல வைத்து, கதிர்களை அதில் வாட்டி, சூடு ஆறுமுன் உள்ளங்கையில் தேய்த்து மணிகளைப் பிரித்துத் தருவார்கள். கை பழகியவர்களுக்கே அது வரும். நமக்குக் கை சிவக்கும். பூண்டுத் துவையல், வேர்க்கடலைத் துவையல், வெல்லம், மோர் ஆகியவை துணை. கோயம்புத்தூர்ப் பக்கத்தார் இளங்கம்பைத் தீயில் வாட்டித் தின்ற சிறுபிராயத்தை நினைத்துக்கொள்வார்கள். சில நாள் கடந்தால் மணி இறுகிவிடும். இச்சுவைக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் உழவர் தம் உறவினரையும் பட்டணத்து நண்பரையும் ஹுர்டாவுக்கு அழைப்பது மரியாதையாக இருந்தது. இன்று புனேயைச் சுற்றியுள்ள பல தோட்டங்களில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, மாட்டு வண்டிச் சவாரியும் கூட்டி, ஹுர்டா விருந்தை நடத்துகிறார்கள். உழவருக்கு நாலு காசு கிடைப்பதை நான் குறை கூறேன். ஆயினும் கட்டணம் செலுத்தினவனுக்குக் கதிர் கிடைக்கிறது, அழைப்புக் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் உடன் பணிபுரியும் ஒருவருக்கு ஊரில் நிலம் இருந்து, "தை பிறந்ததும் எங்கள் வயலுக்கு வாருங்கள்" என்று அவர் சொன்னால், அன்றைக்கு வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். போகும்போது ஒரு தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு போங்கள். அவர்கள் எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைக் கையில் வைத்து, இனிமையாகப் பேசுங்கள் என்பார்கள். பொங்கலும் அவர்களுடைய சங்கராந்தியும் ஒரே நாளன்றோ?

ஆஷாட ஏகாதசியை ஒட்டி ஆளந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் புறப்படும் பல்லக்குகள் பண்டரிபுரம் செல்லும் வழியில் புனேயில் தங்குகின்றன. வீடுதோறும் யாத்திரிகருக்கு உணவளிக்கிறார்கள். ஏகாதசியன்று விரதம், விரதத்துக்குச் 'சாபுதாணா' கிச்சடி. ஊறவைத்த ஜவ்வரிசியை நெய்யில் சீரகமும் பச்சை மிளகாயும் தாளித்து, உருளைக்கிழங்கும் பொடித்த வேர்க்கடலையும் சேர்த்துப் புரட்டுவது. பழைமையான விரத ஆகாரம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் அதிலுள்ள மரவள்ளி, மிளகாய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. முதலில் மலேயாவிலிருந்து இறக்குமதியான ஜவ்வரிசி, இரண்டாம் உலகப் போரில் நின்றுபோகவே, 1940களில் சேலத்தார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனைச் செய்யத் தொடங்கினர். அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1981இல் ஏற்பட்டது. அவர்களுடைய சரக்குக்கு மகாராஷ்டிரம் பெரிய சந்தை. அடுத்த ஏகாதசிக்கு முன்தினம் உங்கள் தெரு மளிகைக் கடைக்குச் சென்று, ஜவ்வரிசி மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.