லாமு பழைய நகரில் தங்குமிடங்கள்

கென்யாவின் வடகடலோரத் தீவு நகரான லாமு, 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்குள்ள விடுதிகள் பல, விடுதியாகக் கட்டப்பட்டவை அல்ல. பழைய சுவாஹிலி வணிகக் குடும்பங்களின் வீடுகள். பவளக் கல்லால் எழுப்பிய தடித்த சுவர்கள் வெயிலைத் தடுக்கும். கூரையைத் தாங்குபவை கண்டல் மரக்கழிகள். கழியின் நீளமே அறையின் அகலத்துக்கு எல்லை என்பதால், அறைகள் நீண்டு ஒடுங்கியிருக்கும். செதுக்குவேலைக் கதவைத் தாண்டினால் ‘டாக்கா’ எனும் திண்ணை, அப்பால் முற்றம். மேலே ‘மகுட்டி’ எனும் தென்னோலை வேய்ந்த மொட்டைமாடி. காற்று தாராளமாக வரும் அந்த இடத்துக்காகவே மேல்தளத்து அறையைக் கேட்டு வாங்கலாம்.

விமானநிலையம் எதிரிலுள்ள மண்டா தீவில் உள்ளது. சாலைவழி வருவோர் மொகோவே துறையில் படகேறுவர். கரையிறங்கியதும் வழிகாட்டிகள் சூழ்வார்கள். அவர்கள் அழைத்துச் செல்லும் விடுதியில் தரகும் வாடகையில் சேரக்கூடும். சந்துகளில் கார் நுழையாது. பெட்டிகளைக் கழுதையோ கைவண்டியோ சுமக்கும்.

கடற்குளியல் விரும்புவோர் தெற்கே சுமார் 3 கி.மீ. தொலைவிலுள்ள ஷேலாவில் தங்குவர். அங்கு வாடகை பொதுவாகக் கூடுதல். நகரின் உயிரோட்டம் அங்கில்லை. பெருமழைக் காலமான ஏப்ரல், மே மாதங்களில் பேரம் படியும், சில விடுதிகள் மூடியும் கிடக்கும். ரியாதா மசூதியில் நபிகளின் பிறப்பைக் கொண்டாடும் மவுலிது விழாவுக்குச் செல்வோர் முன்பதிவு செய்துவிடுவதே நல்லது.