பீலிக்கரைக் குழாயும் அக்காவின் இரத்தமும்

2016 டிசம்பர் 5ஆம் திகதி செய்தி மேசையில் இருந்த எங்களுக்கு ஒரு புதிய சொல் வந்து சேர்ந்தது. தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் 'எக்மோ' கருவியின் துணையோடு வைக்கப்பட்டிருக்கிறார் என்பது செய்தி. அதற்குத் தமிழ் தேட நேரமில்லை. 'உயிர்காக்கும் கருவி' என்று போட்டுச் சமாளித்தோம். 2020 செப்டெம்பரில் பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் மறைந்தபோது அந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. உலகெங்கும் தமிழர் வீடுகளில் எக்மோ என்பது காய்ச்சல், இருமல் போல ஒரு வீட்டுச் சொல்லாகியிருந்தது.

ஆனால், அந்தக் கருவியோடு எங்கள் குடும்பத்திற்கு அதற்கு முன்பே ஓர் உறவு உண்டு. கருவியோடு என்பதைவிட, உடலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துவரும் அதன் குழாயோடு என்று சொல்வதே பொருந்தும்.

பசறைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுக்கும் இடங்களில் பிள்ளைகளின் தொண்டைப்புண் எளிதில் தொற்றும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது ருமாற்றிக் காய்ச்சலாக மாறி, மூட்டுக்களை வீங்கச்செய்து, கடைசியில் இதயத்தின் வால்வைப் பழுதாக்கிவிடும். என் அக்காவுக்கு நேர்ந்தது அதுதான். கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது மூச்சு வாங்கியதைச் சோம்பல் என்று கங்காணி ஏசிய காலமும் உண்டு. 1964 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் கோத்தகிரியில் குடியேறிய மாமா, வேலூருக்குக் கொண்டுவரும்படி கடிதம் எழுதினார். பணமும் கடவுச்சீட்டும் கூடிவரவில்லை. 1990களின் தொடக்கத்தில், பதுளையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். அங்கே வால்வு மாற்றப்பட்டது.

கண் விழித்து மூன்றாம் நாள் அக்கா என்னிடம் கேட்டாள்: "நெஞ்ச நிப்பாட்டி வச்சிருந்தாங்களாமே தம்பி, அந்த நேரம் என் ரத்தமெல்லாம் எங்கடா இருந்திச்சு?"

கலைப் பட்டதாரியான எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னாளில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதயத்தை நிறுத்தவேண்டுமானால் அதன் வேலையை வெளியே ஒரு கருவி செய்தாகவேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோன் கிப்பனுக்கு இந்த எண்ணம் 1931இல் பொஸ்டன் நகரில், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து இறந்துகொண்டிருந்த பெண்ணொருத்தியின் அருகே இரவெல்லாம் இருந்தபோது உதித்தது. மனைவி மேரியின் துணையோடு பூனைகளில் சோதனை செய்து, இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்து, 1953 மே 6ஆம் திகதி பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத் துளையை அடைத்தார். 26 நிமிடங்கள் அவளது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் கருவியே பதிலாக நின்றது. அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. கிப்பன் மனமுடைந்து அந்த முயற்சியையே கைவிட்டார்.

மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை 1954இல் வேறு வழி கண்டார். பெற்றோர் ஒருவரின் இரத்தவோட்டத்தோடு பிள்ளையின் இரத்தவோட்டத்தை இணைத்துவிட்டு அறுவை செய்தார். தந்தையின் நுரையீரல் மகனுக்காகவும் மூச்சு வாங்கியது! 45 பேருக்கு இவ்வாறு செய்து, 28 பேரை வீட்டுக்கு அனுப்பினார். அதற்கு அவர் பயன்படுத்திய குழாய் பியர் செலுத்தும் சாதாரணக் குழாய் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒன்றாக வந்தன. இந்தியாவில் திறந்த இதய அறுவையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் 1960களின் தொடக்கத்தில் நிகழ்த்தினார். மாமா கடிதத்தில் குறிப்பிட்டது அதே மருத்துவமனையைத்தான். எக்மோ என்பது இதே கருவியை அறுவைக்கூடத்திலிருந்து எடுத்து, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஓடச்செய்யும் ஏற்பாடு. 1970களில் அது வழிக்கு வந்தது.

கருவியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் பம்பையும் பிராணவாயு ஏற்றும் பகுதியையும் பற்றியே பேசுவர். குழாயை ஒரு வரியில் கடந்துவிடுவர். எனக்கோ குழாயில்தான் கண் நின்றது. காரணம் எங்கள் அப்பா.

எங்கள் லயத்துப் பீலி கோடையில் வற்றிவிடும். மேலே பாறைக்கு அப்பால் ஓர் ஊற்று உண்டு. அப்பா அல்கதீன் பைப் ஒன்றை அதில் போட்டு, பாறைக்கு மேலால் வளைத்துக் கீழே கொண்டுவந்து, வாய் வைத்து உறிஞ்சிவிடுவார். தண்ணீர் தானே இறங்கும். நடுவில் காற்றுப் புகுந்தால் ஓட்டம் நின்றுவிடும். அறுவைக்கூடத்திலும் இதுவே நடக்கிறது. நோயாளியின் மேசைக்குத் தாழ்வாக இரத்தத் தொட்டியை வைத்து, அந்த உயர வேறுபாட்டாலேயே இரத்தத்தை வடியவிடுகின்றனர். அங்கும் காற்றுப் புகுந்தால் வடிதல் நிற்கும். அக்காவின் இரத்தம் வலது இதய மேலறையிலிருந்து இப்படித்தான் இறங்கிப் போயிருக்கிறது.

எக்மோவில் பம்ப் உறிஞ்சியெடுக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஊற்றில் பைப்பின் வாயில் ஓர் இலை ஒட்டிக்கொள்வதுபோல, மெல்லிய நாளச்சுவர் குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். குழாய் அதிரும், ஓட்டம் குறையும். இன்னும் வேகமாக உறிஞ்சினால் சிவப்பணுக்கள் உடையும். குழாயைப் பெரிதாக்கலாமே என்றால், நாளத்திற்குள் அதற்கு இடமேது? சிறிதாக்கவும் முடியாது. ஒழுங்கான ஓட்டத்தில் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் செல்லும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். இந்தக் குழாய்களைப் 'பிரெஞ்ச்' என்ற அளவால் குறிப்பர். ஒரு பிரெஞ்ச் மூன்றிலொரு மில்லிமீற்றர். 24 பிரெஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 8 மில்லிமீற்றர். அந்தப் பருமனுக்குள் நிமிடத்திற்கு நான்கைந்து லீற்றர் இரத்தம் வரவேண்டும்.

ஆகவே சுவரை மெல்லியதாக்கி, மடங்காதிருக்க உள்ளே கம்பிச்சுருள் வைத்தனர். நுனியோடு நில்லாமல் பக்கவாட்டிலும் துளைகள் இட்டனர். சுவிட்சர்லாந்தின் லுட்விக் வொன் செகெசர் என்பவர், நாளத்திற்குள் சென்றதும் கூடைபோல விரிந்து சுவரைத் தாங்கிப்பிடிக்கும் கம்பிவலைக் குழாயை உருவாக்கினார்.

பக்கத்துளைகளிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. எல்லாத் துளைகளும் சமமாக உறிஞ்சுவதில்லை. பம்புக்கு அண்மையிலுள்ள துளைகளே பெரும்பங்கை இழுத்துக்கொள்கின்றன. நுனிப் பக்கத்தில் இரத்தம் மந்தமாகத் தங்குகிறது. தங்கிய இரத்தம் உறையும். உறைந்தது பெயர்ந்தால் ஆபத்து. உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெபரின் மருந்து கூடினால் மூளையில் கசியக்கூடும். ஸ்டொக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவர்களும் கே.டி.எச். பொறியியலாளர்களும் சேர்ந்து ஆராய்வது இத்தகைய துளைகளின் வழியே இரத்தம் ஓடும் விதத்தைத்தான். துளைகளின் எண்ணிக்கையையும் அளவையும் இடத்தையும் மாற்றிப் பார்க்கும் இந்தப் பொறுமையான வேலைக்குப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை. நானும் கொடுத்ததில்லை.

அண்மையில் பசறைக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை போடுகிறாள். அப்பா பைப்பின் நுனியைக் கட்டையால் அடைத்து, பழுத்த கம்பியால் ஒரு சாண் நீளத்திற்கு ஓட்டைகள் போட்டிருந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. கிழமைதோறும் ஊற்றுக்கு ஏறி அதைக் கழுவியவள் அவள்தானே.

"பைப்புப் பக்கத்து ஓட்டையெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும். நுனியில உள்ள ஓட்டையிலதான் எப்பவும் சேறு கட்டியிருக்கும். ஈர்க்கால குத்திக் குத்தி எடுப்பேன்" என்றாள்.