செய்முறைக் கல்வியும் மெய்நிகர் ஆய்வகமும்

பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட ஆண்டு 1877. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பல ஆண்டுகள் சோதித்து, மரத்திற்குக் கேடின்றிப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையைத் தோட்டந்தோறும் கைத்திறனாக்கிக் காட்டியவர்களுள் நம் முன்னோரும் அடங்குவர். பட்டைக்குள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அதனைத் தீண்டினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுவெட்டுக்கு உதவாது போகும். எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதை நூல் சொல்லலாம். அவ்வாழத்தில் நிற்கக் கைதான் பழக வேண்டும்.

பல்கலைக்கழக அறிவியலும் இவ்வுண்மையின் மீதே எழுந்தது. 1824இல் ஜெர்மனியின் கீசன் நகரில் பேராசிரியரான லீபிக், மாணாக்கர் தம் கைகளாலேயே வேதியியல் பகுப்பாய்வு செய்து பழகுமாறு ஆய்வகப் பயிற்சியை ஒழுங்குபடுத்தினார். ஆசிரியர் செய்து காட்ட மாணாக்கர் பார்த்திருக்கும் நிலை மாறுதற்கு அவ்வாய்வகம் பெருந்துணை புரிந்தது.

எனினும், ஆய்வகம் பொருட்செலவு மிக்கது. சிற்சில வேளைகளில் உயிருக்கும் இடர் தருவது. ஆதலால், மெய்ப்பொருளுக்கு மாற்றாகப் பாவனைப் பொருளைக் கொண்டு பயிற்றும் எண்ணம் கணினிக்கு முன்பே தோன்றிவிட்டது. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், இசைக்கருவித் தொழிற்சாலைத் துருத்திகளைப் பயன்படுத்தி, தரையில் நின்றவாறே விமானம்போல் அசையும் பயிற்சிப் பெட்டியை அமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது பல்லாயிரம் விமானிகள் அதில் பயின்றனர். ஆயினும், அப்பெட்டியோடு நின்றுவிட்டவர் எவரும் விமானியாகவில்லை.

இயற்பியலுக்காக 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கணினிவழிப் பாவனைச் சோதனைகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அங்கு 2005இல் வெளிவந்த ஆய்வொன்று வியப்பளித்தது. திரையில் மின்சுற்று அமைத்துப் பழகிய மாணாக்கர், உண்மைக் கம்பிகளோடு பழகியோரைவிடக் கருத்துத் தெளிவில் மட்டுமன்றி, உண்மைச் சுற்றை அமைப்பதிலும் மேம்பட்டு நின்றனர். கண்ணுக்குப் புலப்படாத மின்னோட்டத்தைத் திரை காட்டியதே இதற்கு ஒரு காரணம் எனலாம். இந்தியாவிலும் டில்லி தொழில்நுட்பக் கழகத்தின் ஒருங்கிணைப்பில், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் முதலியவை பங்கேற்க, அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டம் உருவாயிற்று. கருவி வசதி குறைந்த கல்லூரிகளுக்கும் சோதனைகளைக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம்.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பல்கலைக்கழக ஆய்வகங்களில் மாணாக்கர் பயிற்சி நின்றது. திரையே துணையாயிற்று. அத்துணையை நன்றியோடு ஏற்பது முறை; ஆயினும் அதன் எல்லையை மறத்தலாகாது. அமிலக் காரச் சோதனையில் ஒரு துளி மிகினும் இளஞ்சிவப்பு அடர்ந்து முடிவு பிழைத்துப்போகும். அத்துளியை நிறுத்தும் விரலின் பக்குவத்தைத் திரை தருவதில்லை. மூன்று முறை அளந்தும் மூன்றும் ஒவ்வாதபோது, அவ்வேறுபாட்டை மறைக்காது குறித்து வைக்கும் நேர்மையும் உண்மைக் கருவியின் முன்னேதான் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது.

இதிலொரு நீதிக் கேள்வியும் உண்டு. செலவு குறைவென்று எண்ணி, வசதி படைத்தோர்க்கு ஆய்வகமும் வறியோர்க்குத் திரையும் என்று கல்வி பிரிந்துவிடுமானால், தோட்டங்களிலிருந்து வந்து முதன்முறையாகப் பட்டப்படிப்பில் நுழையும் பிள்ளைகளே பெரிதும் இழப்பர். பள்ளியில் கருவிகளைத் தொடும் வாய்ப்புக் குறைந்தோர்க்குப் பல்கலைக்கழகத்தில் கூடுதலான ஆய்வக நேரமே வேண்டும்.

ஆகவே, திரையை ஆய்வகத்தின் முற்றமாகக் கொள்வோம். சோதனையின் வரிசையையும் காரணத்தையும் அங்கே அச்சமின்றிப் பலமுறை பயிலட்டும். பிழைத்துப் பிழைத்துத் தெளியட்டும். அதன்பின் உள்ளே சென்று கருவியைக் கையிலெடுக்கட்டும். முற்றம் கிடைத்ததென்று வீட்டை அடைத்துவிடலாகாது. கையால் அறிந்து வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளுக்குக் கைப்பயிற்சியை மறுப்பது, வரலாறு பொறுக்காத பிழையாகும்.