உள்ளடக்கத்திலிருந்து நேரத்திற்கு: இளையோர் மனநலமும் தமிழகத்தின் இணையக் கட்டுப்பாடுகளும் (2017–2025)

முன்னுரை

இளையோரின் சமூக ஊடகப் பயன்பாட்டிற்கும் மனநலத்திற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் உளவியல் நோக்கிலேயே ஆராயப்படுகிறது. அத்தொடர்பை அரசும் நீதிமன்றமும் எவ்வாறு புரிந்துகொண்டன என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழகத்தில் நிகழ்ந்த மூன்று தலையீடுகளை ஒப்பிட்டு, ‘எதைப் பார்க்கின்றனர்’ என்ற கேள்வியோடு ‘எந்நேரத்தில்’ என்ற கேள்வியும் சட்டத்திற்குள் நுழைந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடைத்தெருவிலிருந்து படுக்கையறைக்கு

2000ஆம் ஆண்டையொட்டிச் சென்னை அசோக் நகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் பலருக்கு இணையம் அறிமுகமானது ‘பிரௌசிங் சென்டர்’ வழியாகத்தான். அங்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு; கடையடைக்கும் நேரம் உண்டு; பக்கத்து இருக்கையில் வேறொருவர் இருப்பார். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைப்பேசி இணையத்தின் விலை சரிந்தது. கட்டணமும் கடையடைப்பும் வகுத்திருந்த எல்லைகள் மறைந்தன. இம்மாற்றத்தைத் தொடக்ககாலக் கட்டுப்பாடுகள் கணக்கில் கொள்ளவில்லை.

நீலத் திமிங்கலமும் டிக்டாக்கும்

2017 ஆகஸ்டு இறுதியில் மதுரை அருகே கல்லூரி மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ‘நீலத் திமிங்கலம்’ என்னும் இணைய விளையாட்டே காரணம் எனச் செய்திகள் பரவின. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து இதனை வழக்காக எடுத்தது. ஆயினும், நாடெங்கும் இவ்வாறு சொல்லப்பட்ட இறப்புகளில் அவ்விளையாட்டின் பங்கு எதிலும் நிறுவப்படவில்லை என 2018 சனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒற்றைக் காரணத்தைத் தேடும் பார்வைக்கு இது தக்க சான்று.

2019 ஏப்ரல் 3 அன்று அதே மதுரைக் கிளை டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்ய ஆணையிட்டது. ஆபாசமும் சிறார் பாதுகாப்புமே அங்கு முதன்மைக் கவலைகள். ஏப்ரல் 24 அன்று நிபந்தனைகளுடன் அத்தடை நீங்கியது. 2020 சூன் 29 அன்று நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி மத்திய அரசு அச்செயலியை முடக்கியது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ இந்தியாவில் அறிமுகமானது. செயலி மறைந்தது; குறுங்காணொளி பார்க்கும் வழக்கம் தொடர்ந்தது.

நேரம் சட்டத்திற்குள் நுழைதல்

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடைசெய்த தமிழகத்தின் சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022 சூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அதில் இடம்பெற்றார். 1986இல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவியவர் அவர். அவர் இடம்பெற்றதால், மனத்துயரில் இருப்போரின் குரலைச் செவிமடுத்த நீண்ட அனுபவம் சட்ட ஆக்கத்தின் தொடக்கநிலையிலேயே இணைந்தது.

2023இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வெளியான விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குட்பட்டோரை விலக்கின. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்நுழைவைத் தடுத்தன. 2025 சூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவ்விதிகளை உறுதிசெய்தது. முன்பு கடையடைப்பு செய்த பணியை இங்கு சட்டம் மேற்கொண்டது எனலாம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளை முற்றாகத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியதால், விவாதம் மீண்டும் தடையை நோக்கித் திரும்பியது.

முடிவுரை

பண விளையாட்டும் சமூக ஊடகமும் ஒன்றல்ல; முன்னதில் பொருளிழப்பு வெளிப்படை. பின்னதில் இழக்கப்படும் உறக்கமும் கவனமும் எளிதில் கணக்கில் வருவதில்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் இணைய நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களையும் தடுக்கிறது. உள்ளடக்கத்தைத் தாண்டி, ஊடகம் இயங்கும் முறையை நோக்கும் பார்வை இதில் புலப்படுகிறது. தடையாணைகளின் வரலாறாக மட்டும் இக்காலத்தை எழுதினால் இந்த நகர்வு கண்ணில் படாது. இளையோரின் துயரை அவர்களிடமே கேட்டறியும் மரபு, இணையத்திற்கு முன்பே சென்னையில் வேரூன்றியிருந்தது. சமூக ஊடகம் குறித்த இனிவரும் விதிமுறைகள் அம்மரபிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.