பேரேடு யார் கையில்? லினக்ஸில் பாட்டு அடுக்கிய கதை

லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டெல்லாம் ஒழுங்கா அடுக்கி வைக்க எந்த மென்பொருள் நல்லது?" பத்து பேரிடம் கேட்டால் பன்னிரண்டு பதில் வரும் :-) ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். போன வருடம் ஒன்று சொன்னவரே இந்த வருடம் வேறொன்று சொல்வார். ஏன் இப்படி என்று புரிய, கிட்டத்தட்ட முப்பது வருடக் கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

முப்பது பைட் சீட்டு

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 1995 ஜூலையில் தன் ஒலிக்கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கோப்பில் ஒலி இருந்ததே தவிர, என்ன பாட்டு, யார் பாடியது என்று எழுதிவைக்க ஏற்பாடு இல்லை. கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1996-ல் எரிக் கெம்ப் என்பவர் இதற்கு ஒரு எளிய வழி செய்தார். கோப்பின் கடைசியில் 128 பைட் சேர்த்துக்கொள்வது, அதில் பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1, மிச்சம் 3 அடையாளத்துக்கு. இதுதான் ஐடி3. மளிகைக் கடை டப்பா மேல் ஒட்டும் சீட்டு மாதிரி.

லத்தீன் எழுத்தை மனதில் வைத்துச் செய்த சீட்டு இது. தமிழை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போய்விடும். புள்ளியும் துணைக்காலும்கூட தனிக்கணக்கு. "விஸ்வநாதன்" என்று எழுதினாலே சரியாக 30 பைட் நிரம்பிவிடும், முன்னால் எம்.எஸ். போட இடமிருக்காது! இசையமைப்பாளருக்கு என்று தனி இடமும் கிடையாது. 1998-ல் வந்த இரண்டாம் ஐடி3 இந்த நெருக்கடியைத் தீர்த்தது. நீளக் கட்டுப்பாடு போனது, இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம் வந்தது. யூடிஎஃப்-8 ஆதரவு 2000-ல் வந்த 2.4 பதிப்பில் சேர்ந்தது.

சீட்டு எழுதியது யார், விற்றது யார்?

சரி, சீட்டு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பாட்டுக்கு யார் உட்கார்ந்து தட்டச்சு செய்வது? சிடியைப் போட்டதும் பாட்டுப் பெயர்களை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் சிடிடிபி என்ற தரவுத்தளம் இதற்கு உதவியது. டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் இருவரும் தொடங்கிய அதில் விவரங்களை இட்டு நிரப்பியது பெரும்பாலும் உலகெங்கும் இருந்த சாதாரணப் பயனர்கள், அதுவும் இலவசமாக.

1998-ல் அது எஸ்சியன்ட் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. 2001-ல் உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2008-ல் சோனி கிரேஸ்நோட்டை சுமார் 26 கோடி டாலருக்கு வாங்கியது. ஊரே சேர்ந்து எழுதிய கணக்குப் புத்தகத்தை ஒருவர் விற்றுக் காசாக்கினால் எப்படி இருக்கும்? அந்தக் கோபத்தில்தான் ஃப்ரீடிபி, மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற மாற்றுகள் எழுந்தன. ஃப்ரீடிபி 2020-ல் மூடப்பட்டது. ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ், 2004-ல் மெட்டாபிரெய்ன்ஸ் என்ற லாப நோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் வந்ததால் இன்றும் நிற்கிறது.

இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும்.

அடைவுகளின் காலம்

லினக்ஸில் ஆரம்பத்தில் எல்லோரும் பயன்படுத்தியது எக்ஸ்எம்எம்எஸ். விண்டோஸின் வின்ஆம்ப் மாதிரியே இருக்கும். 1997-ல் பீட்டர் ஆல்ம், மிக்கேல் ஆல்ம் இருவரும் எக்ஸ்11ஆம்ப் என்ற பெயரில் தொடங்கியது. அது பாட்டை இசைக்கும், அவ்வளவுதான். நூலகம் எல்லாம் கிடையாது. அடுக்குவது உங்கள் வேலை. கலைஞர் பெயரில் ஓர் அடைவு, அதற்குள் ஆல்பம், அதற்குள் பாட்டு. அலுப்பான வேலைதான், ஆனால் அந்த ஒழுங்கு எந்த மென்பொருளையும் நம்பி இல்லை.

நடுவே காப்புரிமைத் தொல்லை வேறு. எம்பி3-க்கு ஃபிரான்ஹோஃபர் தரப்பு உரிமக் கட்டணம் கேட்டதால், 2002-ல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0-ல் எம்பி3 ஆதரவே நீக்கப்பட்டது. காப்புரிமைச் சிக்கல் இல்லாத ஓக் வோர்பிஸின் 1.0 பதிப்பும் அதே ஆண்டு வெளிவந்தது. எம்பி3 உரிமத் திட்டம் ஒருவழியாக 2017 ஏப்ரலில்தான் முடிந்தது.

பேரேடு வந்தது

2001 ஜனவரியில் ஆப்பிள் ஐட்யூன்ஸை வெளியிட்டது. எல்லாப் பாட்டையும் ஒரே தரவுத்தளத்தில் பதிந்து கலைஞர், ஆல்பம், வகை என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கும் முறை அதில் இருந்தது. அதைப் பார்த்து அதே ஆண்டு லினக்ஸில் ரிதம்பாக்ஸ் தொடங்கியது. 2003-ல் மார்க் கிரெட்ச்மன் அமரோக்கைத் தொடங்கினார்.

அமரோக் 1.4 (2006) வந்தபோது லினக்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். பாட்டு ஓடும்போதே வரிகள், அட்டைப்படம், கலைஞரின் விக்கிப்பீடியா பக்கம் எல்லாம் பக்கத்தில் தெரியும். எந்தப் பாட்டை முழுதாகக் கேட்கிறீர்கள், எதைத் தாண்டிப் போகிறீர்கள் என்று கவனித்து அதுவே மதிப்பெண் போடும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த மதிப்பெண், நட்சத்திரம், கேட்ட எண்ணிக்கை எல்லாம் பாட்டுக் கோப்பின் சீட்டில் இல்லை, அமரோக்கின் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்தது. ரிதம்பாக்ஸிலும் இதே கதை, அதன் பேரேடு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. சரக்கு உங்கள் கிடங்கில், கணக்கு மட்டும் குமாஸ்தாவின் பையில்! குமாஸ்தா வேலையை விட்டுப் போனால்?

குமாஸ்தா போனபோது

2008 டிசம்பரில் அமரோக் 2.0 வந்தது. அடியோடு புதிதாக எழுதப்பட்டது. பழகிய வசதிகள் பல இல்லை. முன்பு மூன்று வகைத் தரவுத்தளங்களில் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம், இப்போது மைஎஸ்க்யூஎல் மட்டும். பழைய புள்ளிவிவரங்களை இறக்கிக்கொள்ள 2-ம் வரிசையில் வசதி இருந்தது, ஆனால் அது அமரோக்கிலிருந்து அமரோக்குக்குப் போகிறவர்களுக்கு. வேறு மென்பொருளுக்குப் போக நினைத்தவர்களின் பல வருட நட்சத்திரங்கள் பழைய பேரேட்டிலேயே தங்கின.

1.4-ஐ மறக்க முடியாதவர்கள் அதையே அடிப்படையாக வைத்து 2010-ல் கிளெமென்டைனை உருவாக்கினார்கள். 2016-ன் 1.3.1-க்குப் பிறகு பல ஆண்டுகள் அதில் முறையான புதிய பதிப்பு வரவில்லை. 2018-ல் அதிலிருந்து ஸ்ட்ராபெரி கிளைத்தது. அமரோக்கும் சாகவில்லை, 2024 ஏப்ரலில் 3.0 வந்தது.

இன்னொரு பக்கம் பான்ஷீ. 2011 ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04-ல் ரிதம்பாக்ஸை நகர்த்திவிட்டு அதுதான் இயல்பு மென்பொருள் ஆனது. பான்ஷீ வழியாக அமேசானில் பாட்டு வாங்கினால் கிடைக்கும் தரகு முழுவதையும் அதன் நிரலர்கள் க்னோம் அறக்கட்டளைக்கு விட்டிருந்தார்கள். உபுண்டுவின் கனோனிகல் நிறுவனம் உள்ளே வந்ததும், 75 சதவீதம் தனக்கு, 25 சதவீதம் க்னோமுக்கு என்றது. பெரிய சர்ச்சை. அடுத்த ஆண்டே 12.04-ல் ரிதம்பாக்ஸ் திரும்பி வந்துவிட்டது! இப்போது பான்ஷீயின் வளர்ச்சி நின்றே பல ஆண்டுகள் ஆகின்றன.

ஆக, எதைத் தேர்வது?

இத்தனை பெயர்களும் ஒன்றைத்தான் சொல்கின்றன. மென்பொருள் வரும், போகும். அதை நடத்துகிறவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள், போனால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சீட்டு எழுதவும் நட்சத்திரம் போடவும் நீங்கள் செலவிட்ட நேரம் உங்களுடையது. எனவே அழகையும் வசதியையும் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி:

1. திருத்தும் விவரம் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறதா? மியூசிக்பிரெய்ன்ஸைக் கொண்டு இயங்கும் பிகார்ட், கட்டளை வரியில் இயங்கும் பீட்ஸ் இரண்டும் இதைத்தான் செய்கின்றன. பிகார்ட் ஒலியின் கைரேகையை வைத்தே பெயர் தெரியாத பாட்டையும் தேடும்.

2. நட்சத்திரங்களைக் கோப்பில் சேமிக்க முடிகிறதா? கிளெமென்டைனில் இதற்கு விருப்பத்தேர்வு உண்டு. ஐடி3-ல் இதற்கென 0 முதல் 255 வரை ஒரு கட்டமும் இருக்கிறது. ஆனால் ஐந்து நட்சத்திரத்தை 255-ஆகப் பிரிப்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் கணக்கு வேறுபடும், சோதித்துப் பார்ப்பது நல்லது.

3. பாட்டுப் பட்டியலை எம்3யூ கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? அது வெறும் எழுத்துக் கோப்பு, எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம்.

மூன்றுக்கும் "ஆம்" என்றால் ரிதம்பாக்ஸோ ஸ்ட்ராபெரியோ எதுவானாலும் சரி, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். நாளை அது நின்றுபோனாலும் அடுத்த மென்பொருளை நிறுவி, பாட்டு அடைவைக் காட்டினால் போதும், சீட்டைப் படித்து அதுவே புதுப் பேரேடு எழுதிக்கொள்ளும். எதைச் செய்வதற்கு முன்னாலும் தொகுப்பை இன்னொரு வன்தட்டில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பீட்ஸ் போன்றவை கோப்புகளின் பெயரையும் இடத்தையும்கூட மாற்றக்கூடியவை!